ஆஞ்சியோ நார்மல் என்று க்ளெய்மை மறுத்தார்கள்: அம்மாவுக்காக அலைந்த கதை

போன வாரம்தான் காப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. அதுவரை இதைப் பற்றி யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பேச்செடுத்தாலே கோபம்தான் வந்தது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, முழுசாக இல்லை. வீட்டில் நீண்ட நாள் சர்க்கரை நோயாளி இருந்து, மூச்சு வாங்குகிறது என்று ஆஞ்சியோ (இதய ரத்த நாளங்களைப் படம் எடுக்கும் சோதனை) வரை போய், "அடைப்பு எதுவும் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் அவசியம் படியுங்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கும் நடுவில் வரும் யூரின் டெஸ்ட், கண் பரிசோதனைக் கதை உதவும்.

அம்மாவுக்கு 62 வயது. மேலூர்ப் பக்கம் கிராமம், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து 14 வருடம், பிரஷர் அதற்குப் பின்னால் வந்தது. மாத்திரையை ஒரு வேளை தவறவிடாத ஆள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து, பிரஷர் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த அட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சில மாதமாகக் கோலம் போட்டு நிமிர்ந்தாலே அம்மாவுக்கு இளைத்தது. கேட்டால் "வயசாச்சுல்லடி" என்பார். கால் வீங்கியது. ஒரு தலையணை இரண்டானது. ஒருநாள் நடுராத்திரி படுக்கவே முடியாமல் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் திணற, மதுரைக்கு வண்டி பிடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள், நரம்பில் நீர் பிரிய ஊசி போட்டார்கள், விடிவதற்குள் மூச்சு சீரானது. ஈசிஜியில் பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. மூன்று பெரிய நாளங்களும் சுத்தம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஈஎஃப் 60, அதாவது இதயம் தனக்குள் நிறையும் ரத்தத்தில் 60 சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது. "எல்லாம் நார்மல்மா" என்றதும் அம்மா அழகர்கோவில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

அந்த "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்தான் அடுத்த பல மாதங்கள் எங்களை அலைக்கழித்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே பெட்டி கட்டிவிட்டோம். இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த தம்பி மத்தியானம் வரை "அப்ரூவல் வந்துரும் அக்கா" என்றார். சாயங்காலம் "கேள்வி கேட்டிருக்காங்க" என்றார். இருட்டிய பிறகு, "ஆஞ்சியோ நார்மல்னு போட்டிருக்குல்ல, அதான் தர மாட்டேங்குறாங்க. பணத்தைக் கட்டிட்டுப் போங்க, அப்புறமா ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டுக்கலாம்" என்றார். எண்பதாயிரத்தை ஒட்டிய பில். என் கார்டும் என் கூடப் பிறந்த தம்பியின் கார்டும் சேர்ந்துதான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தன. உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். டெஸ்கில் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். சொல்லுங்கள். எந்த நேரத்துக்குக் கோரிக்கை போனது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ரீஇம்பர்ஸ்மென்ட்டும் போட்டோம். பில், ரசீது, ஆஞ்சியோ சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அனுப்பியாயிற்று. சில வாரங்கள் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: நோயாளியைப் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே அனுமதித்திருப்பதால், விலக்கு எண் 04ன் கீழ் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. மூச்சு முட்டி நீலம் பாரித்து வந்தவரை மாஸ்டர் செக்கப்புக்கு வந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இதற்கிடையில் அம்மாவுக்கு மறுபடி கால் வீக்கம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர் மாத்திரை தீர்ந்திருந்தது. இந்த முறை தெரிந்தவர் சொல்லி வேறொரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் போனோம். நான் பெருமையாக ஆஞ்சியோ சிடியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "யூரின் ஏசிஆர் எங்க? கண்ணுக்குள்ள மருந்து ஊத்தி எப்பப் பார்த்தாங்க?" என்றார். ஏசிஆர் என்றால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கும் சோதனை. இரண்டும் எங்களிடம் இல்லை. "சுகர் வந்து 14 வருஷம் ஆச்சு, ஒருத்தரும் பாக்கலையா?" என்று எங்களைக் கேட்கிறாரா, எங்களுக்கு முன்னால் பார்த்த மருத்துவர்களைக் கேட்கிறாரா என்று தெரியாத மாதிரி கேட்டார்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேல்புறம் ஓடும் பெரிய நாளங்கள் மட்டும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பவை படத்தில் தெரியவே தெரியாது. இதயத் தசைக்குள் போய் உண்மையில் ரத்தத்தைக் கொடுப்பவை அந்தச் சின்ன நாளங்களும் அவற்றுக்கும் கீழே உள்ள தந்துகிகளும்தான். வருடக்கணக்கில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் தந்துகிச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் உதிர்கின்றன, சுவரின் அடிப்படலம் தடிக்கிறது. நாளத்தை விரியச் சொல்லும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஓடும் ரத்தம் போதும். மாடி ஏறும்போது நாளம் விரிந்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அது முடியாமல் போகிறது. தசை மெல்ல விறைக்கிறது. விறைத்த இதயம் நன்றாகவே சுருங்கும், அதனால் ஈஎஃப் 60 என்று அழகாக வரும். தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் அதற்குக் கஷ்டம். உள்ளே போக முடியாத ரத்தத்தின் அழுத்தம் பின்னுக்கு நுரையீரலில் ஏறுகிறது. மூச்சுத் திணறல் அங்கிருந்துதான் வருகிறது. சர்க்கரை நரம்புகளையும் கெடுத்துவிடுவதால் நெஞ்சு வலி வராமலே போகலாம்; வெறும் இளைப்பும் அசதியும்தான் தெரியும்.

அம்மாவுக்கு அவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "பெரியாறு கால்வாய்ல தண்ணி வருதும்மா, உங்க வயலுக்குப் பிரியிற வாய்க்கா தூந்து கிடக்கு." மேலூர்க்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்து, "அப்ப கால்வாயப் படம் புடிச்சதுக்கா அம்புட்டுக் காசு?" என்றார்.

இதயத்தின் சின்ன நாளங்களை நேரடியாக அளக்கும் சோதனை இருக்கிறது. அடினோசின் மருந்து கொடுத்து ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் கூடுதல். அதற்குப் போவதற்கு முன்னால், அதே வகை நாளங்கள் உடம்பில் வேறு இரண்டு இடங்களில் என்ன நிலையில் இருக்கின்றன என்று சுலபமாகப் பார்க்கலாம் என்றார். விழித்திரையில் கண்ணாலேயே பார்க்கலாம். வெட்டாமல் கிழிக்காமல் ரத்த நாளத்தை நேரே பார்க்க முடிகிற இடம் அதுதான். சிறுநீரகத்தில் வடிகட்டும் சின்ன நாளங்களில் ஓட்டை விழுந்தால் ஆல்புமின் ஒழுகிச் சிறுநீரில் வரும். டைப் 2 சர்க்கரை என்று கண்டுபிடித்த நாளிலேயே இரண்டையும் ஒருமுறை பார்த்து, பிறகு வருடா வருடம் பார்க்க வேண்டும் என்பதுதான் வழிமுறை. கண்ணிலும் சிறுநீரிலும் சேதம் தெரிந்தால் இதயத்தில் மட்டும் அந்த நாளங்கள் பத்திரமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

யூரின் டெஸ்ட்தானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்.

முதலில் போன லேபில் சீட்டைக் காட்டினேன். சாயங்காலம் ரிப்போர்ட்: "ஆல்புமின்: இல்லை." சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் செய்தது சாதாரண பட்டைச் சோதனை. காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பது. கொஞ்சமாக ஒழுகும் ஆல்புமினை அது பிடிக்காது. மறுபடி லேபுக்குப் போய்க் கேட்டால் கவுன்டரில் இருந்த பெண், "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார். ஒன்று இல்லை என்று சொன்னதற்கு, "டாக்டர் சீட்டுல யூரின் ஆல்புமின்னுதானே இருக்கு" என்றார். சீட்டில் ஏசிஆர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினேன். சரி என்று வேறு ஒரு சோதனைக்குப் பில் போட்டார்.

அந்த ரிப்போர்ட்டில் மைக்ரோஆல்புமின் மட்டும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்தது, சிறுநீரில் போகும் கழிவுப் பொருளான கிரியேட்டினினைக் காணோம். தண்ணீர் நிறையக் குடித்தால் அந்த எண் இறங்கும், குறைவாகக் குடித்தால் ஏறும். கிரியேட்டினினோடு விகிதம் போட்டால்தான் உபயோகம், ரிப்போர்ட்டின் அலகு "மி.கி./கிராம்" என்று இருக்க வேண்டும். பில் போடும்போதே "ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம்" என்று பில்லில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பணம் கட்டிய பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வேறு லேபுக்கு மாறினோம். இந்த முறை எண் எங்கோ போய் நின்றது. மருத்துவர் கூடவே எழுதியிருந்த யூரின் ரொட்டீனைப் பார்த்தார், சீழ் செல்கள் நிறைய. "இன்ஃபெக்‌ஷன் இருக்கு, இதை நம்ப முடியாது" என்று ஒதுக்கிவிட்டார். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உடல் உழைப்பு, கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு, இவை எல்லாமே இந்த அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடுமாம். தொற்றுக்கு மருந்து கொடுத்து, கால் வீக்கம் வடிந்து, காலையின் முதல் சிறுநீரைக் கொண்டுபோன பிறகுதான் ஒழுங்கான எண் கிடைத்தது: 186. முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டியது. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, 300 தாண்டினால் கடுமை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் உறுதி என்பார்கள். இடைவெளி விட்டு எடுத்த அடுத்ததும் 164. ஆக உறுதியாயிற்று. அத்தனைக்கும் சில நூறு ரூபாய்ச் சோதனை. ஆஞ்சியோவுக்கு முன்னால் யாராவது இதை எழுதியிருந்தால் எங்கள் கதையே வேறு.

கண் அலைச்சல் வேறு ரகம். மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் காலை ஆறு மணிக்கே மேலூரில் பஸ் ஏறி, டோக்கன் போட்டு, பவர் பார்த்து, கண் அழுத்தம் பார்த்து, வரிசை வரிசையாக உட்கார்ந்து மத்தியானம் ஆன பிறகு, "ரெட்டினா டாக்டர் இன்னிக்கு வரமாட்டாங்க, வியாழக்கிழமை வாங்க" என்றார்கள். டோக்கன் கொடுக்கும்போதே சொல்வதற்கு என்ன? கையில் கண்ணாடிக்கான சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் போன் பண்ணி, விழித்திரை மருத்துவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று கேளுங்கள். "டாக்டர் இருக்காரா" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் இருப்பார்.

அடுத்த முறை பார்த்தார்கள். கண்பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். டூவீலரில் தனியாக வந்தவர்களின் பாடு பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சாயங்காலம் வரை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, குடை, சாப்பாடு மூன்றும் கையில் இருக்கட்டும். சர்க்கரைக்காரர் வரிசையில் பசியோடு உட்கார்ந்தால் லோ சுகர் வந்துவிடும். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பாட்டிக்கு வந்து, அம்மாதான் சுருக்குப் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.

மருத்துவர் பார்த்துவிட்டு, ரத்த நாளங்கள் அங்கங்கே புடைத்துக் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக நிற்கின்றன, சில இடத்தில் ரத்தக் கசிவும் இருக்கிறது என்றார். பார்வைக்கு இப்போது ஆபத்தில்லை, லேசர் வேண்டாம், ஆறு மாதத்தில் வரச் சொன்னார். அம்மாவுக்கு அதுவரை பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை என்பது கவனிக்க வேண்டியது. பார்வை மங்கினால் போகலாம் என்று காத்திருப்பவர்கள் தாமதமாகத்தான் போகிறார்கள்.

வெளியே வந்து சீட்டைப் பார்த்தால் அதில் அடுத்த தேதி மட்டும் இருந்தது, என்ன நோய் என்று ஒரு சொல் இல்லை. ரிப்போர்ட் கேட்டேன். "ரிப்போர்ட்டெல்லாம் ஆபரேஷன் கேஸுக்குத்தான்" என்றார் கவுன்டரில் இருந்தவர். காப்பீட்டுக்கு வேண்டும் என்றேன். "அதுக்குக் கண்ணுல என்ன க்ளெய்ம்?" என்று சிரித்தார். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது, எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு நர்ஸ் உள்ளே போய், இரண்டு கண்ணிலும் நடுத்தர நிலை டயாபடிக் ரெட்டினோபதி (சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு) என்று எழுதி, முத்திரை வைத்து, விழித்திரைப் படத்தின் நகலோடு கொண்டு வந்து கொடுத்தார். நன்றாக இருக்கட்டும்.

கால் உணர்ச்சிக்கான இழைச் சோதனை, ஹெச்பிஏ1சி எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. ஹெச்பிஏ1சி 8.9. காலைச் சர்க்கரை 130 என்று நாங்கள் நிம்மதியாக இருந்த காலம் முழுக்க மூன்று மாதச் சராசரி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இனி க்ளெய்முக்கு வருகிறேன்.

புது மருத்துவர்தான் டிஸ்சார்ஜ் சம்மரியை வரி வரியாகப் படித்துவிட்டு, "உங்களுக்கு ஆப்பு இதுலதான் இருக்கு" என்றார். இறுதி நோயறிதல் என்ற இடத்தில், "நெஞ்சு வலி, காரணம் கண்டறிய, கரோனரி நாளங்கள் நார்மல், டைப் 2 டயாபடிஸ்" என்று இருந்தது. அம்மாவுக்கு நெஞ்சு வலியே வரவில்லை! யாரோ ஒரு ஜூனியர் ஆஞ்சியோ நோயாளிகளுக்கான பழைய மாதிரியைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஆக்சிஜன் வைத்தது, நீர் பிரிய ஊசி போட்டது, சேர்த்தபோது ஆக்சிஜன் அளவு 88 இருந்தது, எதுவும் அதில் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது நிஜமாகவே ஒரு செக்கப்பாகத்தான் தெரிந்திருக்கும். அவரை மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஆக, உள்ளே இருந்த நாட்களில் என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கும் கேஸ் ஷீட் வேண்டும். பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் அறைக்குப் போனேன். "கேஸ் ஷீட்டெல்லாம் வெளிய குடுக்க மாட்டோம். கோர்ட் ஆர்டர் இருந்தா வாங்க." இதைச் சொன்னவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. வாயால் சொன்னேன், வேலைக்காகவில்லை. அம்மாவின் கையெழுத்தோடு கடிதமாக எழுதி, விதியின் பெயரையும் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுங்கள் என்று நின்றதும்தான் அவர் தலை நிமிர்ந்தது. இரண்டாம் நாளே போன் வந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று நகல் கட்டணம் வாங்கினார்கள், சந்தோஷமாகக் கட்டினேன்.

அந்தக் கட்டில் இருந்ததைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். நர்ஸ்கள் மணிக்கு மணி எழுதியிருந்தார்கள்: எத்தனை மணிக்கு எந்த ஊசி, எவ்வளவு சிறுநீர் போனது, எப்போது ஆக்சிஜனைக் குறைத்தார்கள் என்று. எக்கோவின் முழு ரிப்போர்ட்டும் இருந்தது. எங்களிடம் சொன்ன ஈஎஃப் 60க்குக் கீழே, "கிரேடு 2 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இடது மேலறை பெரிதாகியுள்ளது" என்று இரண்டு வரிகள். டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்றால் இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் உள்ள குறைதான். யாரும் எங்களிடம் சொல்லாத வரிகள். கடைசியாக ஒரு லேப் தாள்: என்டி-ப்ரோ பிஎன்பி 1,140. இது இதயம் அழுத்தத்தில் தவிக்கும்போது ரத்தத்தில் ஏறும் பொருள். அவசர நிலையில் வந்தவருக்கு 300க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஒதுக்கிவிடலாம். அம்மாவின் முடிவு, சம்மரி தட்டச்சு செய்த பிறகு வந்திருக்கிறது. கோப்பில் சொருகியதோடு சரி.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு அங்கே அம்மாவைப் பார்த்த இதய மருத்துவரின் ஓபிக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மனிதர் ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியில்லம்மா, திருத்தித் தர்றேன்" என்று அங்கேயே கூடுதல் குறிப்பு எழுதிக் கொடுத்தார்: ஈஎஃப் குறையாத வகை இதயச் செயலிழப்பு, கடும் மூச்சுத் திணறலோடு அனுமதி, நரம்பு வழி சிகிச்சை, நீண்டகாலச் சர்க்கரையால் இதயச் சிறு நாளப் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அலுவலகத்தில் பழைய தேதியையே போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம். கூடுதல் குறிப்பில் எழுதிய நாளின் தேதிதான் இருக்க வேண்டும், பழைய சம்மரியும் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணத்தைத் திருத்தினார்கள் என்று அடுத்த காரணம் கிளம்பும்.

மறு மனு எழுதினேன். விலக்கு 04 சொல்வது முதன்மையாகப் பரிசோதனைக்கென்றே அனுமதித்த செலவை. அம்மாவை அனுமதித்தது மூச்சுத் திணறலுக்குச் சிகிச்சை தர, ஆஞ்சியோ அதற்குள் வந்த ஒரு படி. இதுதான் முதல் பத்தி. நர்ஸ் சார்ட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டேன். அடுத்து, நாளம் நார்மல் என்றால் இதயம் நார்மல் என்று ஆகாது என்பதற்கு மருத்துவர் சொன்ன பழைய ஆதாரம் ஒன்றையும் சேர்த்தேன். 1972லேயே ரூப்லரும் சக மருத்துவர்களும், சர்க்கரையால் சிறுநீரகச் சிறு நாளங்கள் கெட்டுப்போன நான்கு பேருக்குப் பெரிய இதய நாளங்களில் அடைப்பே இல்லாமல் இதயம் செயலிழந்ததைப் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று சொன்னது. ஐம்பது வருடப் பழைய விஷயம். கண் ரிப்போர்ட், இரண்டு ஏசிஆர், எக்கோ, எல்லாவற்றையும் இணைத்தேன். மக்களைத் தேடி மருத்துவ அட்டையும் போனது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பதற்குத் தேதியோடு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பாலிசி எடுக்கும்போதே சர்க்கரை, பிரஷர் இரண்டையும் எழுதியிருந்தோம், காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தது. அதனால் முன்பே இருந்த நோய் என்ற பக்கம் அவர்களால் போக முடியவில்லை. "எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவு இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும். தந்தது, "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரி. உடனே ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். தளம் படுத்தினால் 155255க்குப் போன் செய்தும் பதியலாம். புகாரில் ஒரு கேள்வி சேர்த்தேன்: 2024 சுற்றறிக்கைப்படி எந்த க்ளெய்மையும் மறுபரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ளாமல் நிராகரிக்கக் கூடாது, என் விஷயத்தில் அந்தக் குழுவின் முடிவு எங்கே? அதுவரை மெயிலுக்குப் பதில் போடாதவர்கள் இதற்குப் பிறகு போன் செய்தார்கள். இதுவும் பலிக்கவில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டியதுதான் என்று படிவம் வரை நிரப்பி வைத்திருந்தேன். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும், அவர்கள் இறுதியாக மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தேவைப்படவில்லை. நிராகரிப்பைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் வந்தது, காரணம் எதுவும் சொல்லாமல். கையுறை, பஞ்சு, அட்மிஷன் கிட் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி வந்தது.

அம்மாவுக்கு இப்போது மருந்து மாறியிருக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள், சர்க்கரைக்காக வந்த மாத்திரை, இந்த வகை இதயச் செயலிழப்புக்கும் உதவும் என்று 2021ல் பெரிய ஆய்வில் தெரிந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் அரிப்பு, தொற்று வரலாம்; அம்மா மாதிரி ஆட்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். வாந்தி, சாப்பிட முடியாத நிலை, அறுவை சிகிச்சை என்றால் நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சஷ்டி விரதம் என்று அம்மா வாய் திறந்ததும் மருத்துவர் பதறிய பதற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோலம் போட்டு எழுந்தால் இப்போது இளைப்பதில்லை. தலையணை ஒன்றாகிவிட்டது.

டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான செலவையும் பல பாலிசிகள் தரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே நோய்க்கு மருத்துவர் எழுதிய சோதனையாக இருக்க வேண்டும், சீட்டும் பில்லும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் வந்த பில்களையெல்லாம் போட்டேன். யூரின் டெஸ்ட், மருந்து எல்லாம் கொடுத்துவிட்டார்கள். கண் மருத்துவமனை பில்லுக்கு மட்டும் நேற்று பதில் வந்திருக்கிறது: "கண் பரிசோதனை, அனுமதிக்கப்பட்ட இதய நோயுடன் தொடர்பற்றது." கூடுதல் குறிப்பில் சிறு நாளம் பற்றிய வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, நகலெடுத்து, இன்று காலை திரும்ப அனுப்பியிருக்கிறேன்.